குளிர்காலம் வளர்த்த நகரம்

வட ஐரோப்பா பனியில் உறைந்து கிடக்கும் மாதங்களில், பிரான்சின் தென்கரையிலுள்ள நீஸ் நகரம் இளவெயிலில் திளைக்கின்றது. வடக்கே அல்ப்ஸ் மலைகள் குளிர்காற்றைத் தடுக்கின்றன. தெற்கே மத்தியதரைக் கடல் கோடையிற் கொண்ட வெப்பத்தை மெல்ல மெல்ல விடுகின்றது.

இவ்வெயிலை நாடிப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலச் செல்வர் அங்கு வந்து தங்கினர். காச நோயாளரும் நலம்பெறலாமென நம்பி வந்தனர்; அவர்களுட் பலர் ஊர் திரும்பவில்லை.

1820களின் தொடக்கத்திற் கடுங்குளிரால் தோடை மரங்கள் பட்டுப்போயின. வேலையிழந்த ஏழைகளுக்குக் கூலி கொடுத்து, ஆங்கிலேயர் கடலோரம் நடைபாதையொன்று அமைப்பித்தனர். 'ஆங்கிலேயர் உலாவீதி' என அது இன்றும் வழங்குகின்றது.

1864இல் புகைவண்டி வந்தது, ஹோட்டல்கள் பெருகின. 1897இல் விக்டோரியா மகாராணியும் றெஜீனா ஹோட்டலில் தங்கினார். 2021இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமையாக ஏற்றது. குளிரால் மரங்களை இழந்த ஊருக்கு, குளிருக்கு அஞ்சி வந்தோரே பிழைப்பளித்தனர்.