ஒரே கடற்கரை... மூன்று நாடுகள்! காரில் கிளம்பும் முன் விசாவில் இந்த எண்ணைப் பார்த்தீங்களா?

ஒரு பக்கம் செங்குத்தான மலை, இன்னொரு பக்கம் நீலக் கடல், நடுவில் வளைந்து வளைந்து போகும் சாலை. ரீல்ஸில் அடிக்கடி வரும் இந்தக் காட்சி, ஐரோப்பாவின் ஏட்ரியாடிக் கடற்கரைச் சாலை. குரோஷியாவின் ஸ்பிளிட் நகரில் கார் எடுத்து, டூப்ரோவ்னிக் வழியாக மாண்டினீக்ரோவின் கோட்டோர் வரை போனால் சுமார் 320 கி.மீ.

'சென்னையில இருந்து திருச்சி போற தூரம்தானே' என்று தோன்றலாம். ஆனால் இங்கே கணக்குப் போட வேண்டியது தூரத்தை அல்ல, எல்லைகளை. அதில் ஒன்று தப்பினாலும் திரும்பி வர முடியாமல் போகலாம். எப்படி? வாங்க பார்க்கலாம்.

நடுவில் இன்னொரு நாடு எப்படி வந்தது?

குரோஷியாவின் கடற்கரையை நேவும் என்ற சிறிய ஊர் இரண்டாக வெட்டுகிறது. அது போஸ்னியா நாட்டுக்குச் சொந்தம். அந்த நாட்டுக்கு இருக்கும் ஒரே கடற்கரை இதுதான், நீளம் சுமார் 20 கி.மீ.

காரணம் 300 ஆண்டு பழசு. டூப்ரோவ்னிக் அப்போது தனிக் குடியரசு. வெனிஸ் படை நிலம் வழியாக வந்துவிடுமோ என்ற பயம் அதற்கு. 1699 ஒப்பந்தத்தை ஒட்டி, தடுப்பு அரண் போல இந்தத் துண்டு நிலம் ஒட்டோமான் பேரரசிடம் போனது. யுகோஸ்லாவியா உடைந்தபோது, அந்தப் பழைய கோடு இரு நாட்டு எல்லையாக மாறிவிட்டது.

பாலம் எதை மாற்றியது?

2022 ஜூலை வரை ஸ்பிளிட்டில் இருந்து டூப்ரோவ்னிக்குக் கரையோரமாகப் போனால் நேவும் வழியாக இரண்டு முறை எல்லை தாண்ட வேண்டும். அந்த மாதம் 2.4 கி.மீ. நீள பெல்யேஷாட்ஸ் பாலம் திறக்கப்பட்டது. சுங்கக் கட்டணம் கிடையாது. இப்போது குரோஷியாவை விட்டு வெளியேறாமலே டூப்ரோவ்னிக் போய்விடலாம்.

ஆனால் பழைய சாலையும் திறந்தே இருக்கிறது. மேப் செயலி சில நேரம் அந்த வழியையும் காட்டும். அதனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்டோன் ஊரை நடுவில் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிடுங்க.

விசாவில் என்ன சிக்கல்?

குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கன் பகுதியில் சேர்ந்தது. போஸ்னியாவும் மாண்டினீக்ரோவும் அதில் இல்லை.

உங்கள் ஷெங்கன் விசாவில் நுழைவுகளின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உள்ளதைப் பொறுத்துத்தான் எல்லாமே:

• 01 என்றால்: குரோஷியாவை விட்டு மாண்டினீக்ரோ போன நிமிடமே அந்த ஒரு நுழைவு முடிந்தது. மறுபடி ஸ்பிளிட் திரும்ப முடியாது.

• 02 என்றால்: மாண்டினீக்ரோ போய் ஒரு முறை திரும்பலாம். ஆனால் தெரியாமல் நேவும் வழியாகப் போனால் அந்த இரண்டாவது நுழைவு அங்கேயே காலி.

• 'மல்ட்' என்ற சுருக்கம் இருந்தால்: விசா காலத்துக்குள், அனுமதித்த நாட்கள் வரை எத்தனை முறையும் போய் வரலாம்.

'யாரு கவனிக்கப் போறாங்க' என்று நினைக்க வேண்டாம். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகை, முகப்படத்துடன் வருகையையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்துவிட்டது.

செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்களை மாண்டினீக்ரோ குறுகிய காலத்துக்குத் தனி விசா இல்லாமல் அனுமதிக்கிறது. விதிகள் மாறலாம் என்பதால், டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்க.

வாடகைக் காருக்கு என்ன கேட்கணும்?

• இந்தக் காரை மாண்டினீக்ரோவுக்குக் கொண்டு போகலாமா என்று முன்பதிவின்போதே கேட்டு, எழுத்தில் வாங்குங்க. தனிக் கட்டணம் இருக்கலாம்.

• 'கிரீன் கார்டு' எனப்படும் காப்பீட்டுச் சான்று அந்த நாட்டில் செல்லுமா என்று பாருங்க. அனுமதி இல்லாமல் போய் விபத்து நடந்தால் செலவு உங்கள் தலையில்தான்.

• நம்ம ஊர் லைசென்ஸோடு, ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். ஓராண்டு செல்லும்.

இன்னொன்று, அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாள் நிதானமா போங்க. மாண்டினீக்ரோவில் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும்.

எல்லை தாண்டினால் என்ன இருக்கு?

டூப்ரோவ்னிக்கில் இருந்து கோட்டோர் சுமார் 90 கி.மீ.தான். ஆனால் கோடையில் எல்லையில் நீண்ட வரிசை நிற்கும். காலையிலேயே கிளம்புவது நல்லது.

அதன் பிறகு மலைகள் சூழ்ந்த கோட்டோர் விரிகுடா. அவசரம் என்றால் கமெனாரியில் காரோடு படகில் ஏறி குறுக்கே கடந்துவிடலாம். ஆனால் சுற்றி ஓட்டினால்தான் பெராஸ்ட் ஊரும், அதன் எதிரே மனிதர்கள் கல்லைக் கொட்டி உருவாக்கிய தீவும் கண்ணில் படும். மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் அங்கேயும் யூரோதான் என்பதால் பணம் மாற்றும் வேலை மிச்சம். ஐரோப்பிய சிம் அங்கே வேலை செய்யுமா என்று மட்டும் கேட்டுக்கோங்க.

01 விசா மட்டும்தான் இருக்கா?

கவலை வேண்டாம். டூப்ரோவ்னிக் தாண்டி சாவ்டாட் வரை போய்த் திரும்புங்க. முழுக்க குரோஷியாவுக்குள்ளேயே கடற்கரைச் சாலைதான். மாண்டினீக்ரோவும் பார்த்தே ஆகணும் என்றால், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பயணத் திட்டத்தில் அந்த நாட்டையும் காட்டி, பல முறை நுழையும் விசா கேளுங்க. விசா ஸ்டிக்கர் ஒட்டி வந்த பிறகு யோசித்தால் லேட்!