எம்பிரேயர் ஈ-ஜெட் ஈ2

எம்பிரேயர் ஈ-ஜெட் ஈ2 என்பது பிரேசில் நாட்டின் எம்பிரேயர் நிறுவனம் தயாரிக்கும் இரட்டைப் பொறி வட்டார ஜெட் விமானக் குடும்பம் ஆகும். 2004 முதல் சேவையில் உள்ள ஈ-ஜெட் விமானங்களின் இரண்டாம் தலைமுறை இது. ஈ175-ஈ2, ஈ190-ஈ2, ஈ195-ஈ2 என இதில் மூன்று வகைகள் உள்ளன. பெரிய இரண்டும் பயணிகளை ஏற்றிப் பறக்கின்றன. சிறியதான ஈ175-ஈ2 சோதனைப் பறப்புடன் நின்றுவிட்டது. அதற்குக் காரணம் பொறியியல் குறைபாடு அன்று. எடை பற்றிய ஓர் ஒப்பந்த விதியாகும்.

வரலாறு

இத்திட்டம் 2013 ஜூன் மாதம் பாரிஸ் விமானக் கண்காட்சியில் தொடங்கப்பட்டது. ஈ190-ஈ2 முதன்முதலில் 2016 மே 23 அன்று பறந்தது. 2018 ஏப்ரலில் நார்வேயின் விடரோ நிறுவனம் அதைச் சேவைக்குக் கொண்டுவந்தது. 2017 மார்ச் 29 அன்று முதலில் பறந்த ஈ195-ஈ2, 2019 செப்டம்பரில் பிரேசிலின் அசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஈ175-ஈ2வின் முதல் பறப்பு 2019 டிசம்பர் 12 அன்று நடந்தது.

பொறி

வழக்கமான ஜெட் பொறியில் முன்புற விசிறியும் அதைச் சுழற்றும் டர்பைனும் ஒரே தண்டில் ஒரே வேகத்தில் சுழலும். டர்பைன் வேகமாகச் சுழன்றால்தான் திறன் மிகும். பெரிய விசிறியோ மெதுவாகச் சுழல வேண்டும். ஈ2 விமானங்களின் பிராட் அண்ட் விட்னி பொறியில் இவ்விரண்டுக்கும் இடையே பற்சக்கரப் பெட்டி உள்ளது. அதனால் விசிறி, டர்பைனின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுழல்கிறது.

இதனால் விசிறியைப் பெரிதாக்க முடிந்தது. பெரிய இரு வகைகளிலும் அதன் விட்டம் 1.85 மீட்டர். பொறியின் மையத்தினுள் செல்லும் ஒவ்வொரு பங்கு காற்றுக்கும் சுமார் 12 பங்கு காற்று மையத்தைச் சுற்றிச் செல்கிறது. முந்தைய ஈ190 விமானத்தில் இது சுமார் 5 பங்கு மட்டுமே. அதிகக் காற்றைக் குறைந்த வேகத்தில் பின்னே தள்ளுவதால் எரிபொருளும் ஓசையும் குறைகின்றன.

இறக்கையும் உடற்பகுதியும்

இறக்கைகள் நீண்டு ஒடுங்கியவை. ஈ190-ஈ2வின் இறக்கை அகலம் 33.7 மீட்டர், ஈ195-ஈ2வில் 35.1 மீட்டர். இறக்கை நீளும்போது அதன் முனைகளில் உருவாகும் காற்றுச் சுழல்களால் ஏற்படும் இழுவை குறையும். விமானியின் கட்டளைகள் கணினி வழியே மின் குறிகளாகச் செல்கின்றன. சமநிலையைக் கணினி காப்பதால் கிடைமட்ட வாலைச் சிறிதாக்க முடிந்தது. இருக்கைகள் வரிசைக்கு இரண்டிரண்டாக அமைந்துள்ளதால் நடு இருக்கை இல்லை.

செயல்திறன்

ஈ190-ஈ2வில் 114 பேர் வரையும், ஈ195-ஈ2வில் 146 பேர் வரையும் அமரலாம். எம்பிரேயரின் கணக்குப்படி, முந்தைய தலைமுறையை விட ஓர் இருக்கைக்கான எரிபொருள் செலவு ஈ190-ஈ2வில் 17.3 விழுக்காடும் ஈ195-ஈ2வில் 25.4 விழுக்காடும் குறைவு. இரண்டாவது எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஈ195-ஈ2வில் மூன்று வரிசைகள் கூடுதலாக உள்ளன. எனவே அந்தச் சேமிப்பின் ஒரு பகுதி, செலவு அதிக இருக்கைகளுக்குப் பங்கிடப்படுவதால் வருவது.

ஈ175-ஈ2வின் தடை

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் சிறு ஊர்களுக்கான சேவையை வட்டார நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. அங்கு விமானிகளின் ஊதியம் குறைவு. தங்கள் வேலை அப்படிக் கைமாறாமல் இருக்க, பெரிய நிறுவனங்களின் விமானிகள் சங்கங்கள் ஒப்பந்தத்தில் வரம்பு வைத்துள்ளன. வட்டார விமானத்தில் 76 இருக்கைகளுக்கு மேல் கூடாது. புறப்படும்போது உச்ச எடை சுமார் 39 டன்னைத் தாண்டக் கூடாது.

எரிபொருளைச் சேமிக்கும் பெரிய பொறியும் நீண்ட இறக்கையும் எடையையும் கூட்டின. ஈ175-ஈ2வின் உச்ச எடை 44 டன்னுக்கு மேல். வரம்பு தளர்த்தப்படும் என்ற எதிர்பார்ப்பில் ஸ்கைவெஸ்ட் நிறுவனம் 2013இல் 100 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. ஆனால் வரம்பு மாறவில்லை. 2022 பிப்ரவரியில் எம்பிரேயர் இவ்வகையின் பணிகளை மூன்றாண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. அதிக எரிபொருள் செலவாகும் பழைய ஈ175 அந்த வரம்புக்குள் அடங்குவதால், அமெரிக்க வட்டார நிறுவனங்கள் அதையே தொடர்ந்து வாங்கிவந்துள்ளன.