கொறங்காட்டில் ஒரு மாதம்

கோடை விடுமுறையில் ஒரு சித்திரை மாதம் முழுவதும், காங்கயத்துக்கு அருகே ஒரு நண்பர் குடும்பத்தாரின் பண்ணையில் தங்கும் பாக்கியம் நமக்குக் கிட்டிற்று. 8 காங்கயம் பசுக்கள், ஒரு ஜோடி இளங்காளைகள், 40 செம்மறியாடுகள். இவற்றைக் கவனிக்க மூன்று தலைமுறை மனிதர்கள். கூலிக்கு ஆள் கிடையாது.

விடியற்காலை 4 மணிக்கே அவ்வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். காங்கயம் பசுவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கன்று ஊட்டினாலன்றிப் பால் சுரக்காது. பிறகும் கன்று கண்ணெதிரே நிற்க வேண்டும். வேளைக்கு 2 லிட்டர் கறந்தால் அதிகம். அதிலும் ஒரு காம்பைக் கன்றுக்கென்று விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் காபி அருந்தியபோது, எந்தக் கன்றின் பங்கோ என்று நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

கறவை முடிந்ததும் மாடுகள் இட்டேரி வழியே கொறங்காட்டுக்குப் போகும். கொறங்காடு என்பது கொங்கு நாட்டுக்கே உரிய மேய்ச்சல் நிலம். சில ஏக்கரைச் சுற்றி முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நிழலுக்கு வெள்வேல மரங்கள். ஒரு காட்டில் புல் குறைந்ததும் கடவை அடைத்து, அடுத்த காட்டுக்கு மாற்றுகிறார்கள். மாடு மேய்ந்த பின்னரே ஆட்டுக்கு முறை. ஐப்பசி மழையில் தழைத்த புல் நாம் கண்டபோது வெளுத்துச் சருகாய்க் கிடந்தது. அதையும் மாடுகள் சலிக்காமல் மென்றன. ஆடுகளுக்கோ உதிர்ந்த வேலங்காயே விருந்து. வேலி நன்றாயிருந்தால் மேய்ப்பவன் வேண்டியதில்லை. ஆகையால் வீட்டுப் பெரியவர் தினந்தோறும் வேலியைச் சுற்றிவந்து, இடைவெளி கண்ட இடத்தில் முள் வெட்டி அடைப்பார். மழை வந்ததும் அங்கே கிளுவைப் போத்து நட வேண்டுமாம்.

இரண்டாம் வாரத்தில் ஒரு பசு ஈன்றது. கன்று செக்கச்செவேலென்றிருந்தது. ஆறு மாதத்தில் அந்நிறம் மாறிவிடும் என்றார்கள். காளைக் கன்று. முற்காலத்தில் அது சந்தோஷச் செய்தி. ஏரும் வண்டியும் அதை நம்பியிருந்தன. டிராக்டர் வந்த பின் அந்தத் தேவை சுருங்கிவிட்டது.

"காளைகளை விற்றுப்போட்டு ஒரு கலப்பின மாடு வாங்கலாமுங்க, அப்பாரு" என்றார் பேரர். பால் பல மடங்கு கிடைக்கும். தம்பியின் படிப்புக்குப் பணம் வேண்டும். அவர் சொன்னதில் நியாயமில்லாமலில்லை. 2017-ஆம் வருஷம் ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரீனாவில் திரண்டவர்களில் அவரும் ஒருவர்! பெரியவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நாமாயிருந்தால் சொல்லியிருப்போம்.

கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தைக்கு நாமும் கூடப் போனோம். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார். விலை படிந்துவிட்டது. பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏருக்குத்தானுங்களே?" வாங்க வந்தவர் தரகர் முகத்தைப் பார்த்தார். பெரியவர் கையை இழுத்துக்கொண்டு, காளைகளை அவிழ்த்தார். திரும்பும் வழியெல்லாம் பாட்டனும் பேரனும் பேசவில்லை.

மறுவாரம் பெரியவரே பாதி ஆடுகளை விற்றுப் பணத்தைப் பேரர் கையில் கொடுத்தார். நாம் புறப்பட்ட அன்று, வரப்போகும் பசுவுக்குக் கொட்டகை போட மூங்கில் வந்து இறங்கியது. அதற்கு வெயில் ஆகாதாம். காளைகள் இரண்டும் வெள்வேல நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்தன.