பாம்புக்கடி: கடித்த இடத்தை ஏன் தெரிவிக்க வேண்டும்?

காவிரி டெல்டாவின் நெல்வயல்களில் எலிகளைத் தேடிப் பாம்புகள் வருகின்றன. வயலில் பணிபுரிவோர் கடிபடும் ஆபத்து மிகுதி. நஞ்சு ஏறியவருக்கு விஷமுறிவு மருந்து தாமதமின்றிக் கிடைத்தல் வேண்டும்.

எதற்காக இந்தப் பதிவு?

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ், பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. எனவே மருத்துவமனைகள் பாம்புக்கடி விவரங்களை அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும். சிகிச்சை பெற்ற மருத்துவமனை மட்டும் பதிவானால், கிராமங்களில் நேர்ந்த கடிகள் யாவும் தஞ்சாவூர் நகரில் நேர்ந்தவை போலத் தோன்றக்கூடும். கடித்த ஊரும் பதிவானால்தான், அவ்வூருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எவ்வளவு மருந்து இருப்பில் வேண்டும் என்பதைக் கணக்கிட இயலும்.

நோயாளியும் உடனிருப்போரும் செய்ய வேண்டியவை

• கடித்த ஊர், இடம் (வரப்பு, வைக்கோல் போர், வீடு), நேரம் ஆகியவற்றை மருத்துவரிடம் கூறவும்.

• கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.

• இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் கூடாது.

• தரையில் உறங்குவோரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ தடமோ தெரியாமல் போகலாம். காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், விழுங்க இயலாமை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

• பாம்பைப் பிடித்து வர வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்தே அளிக்கப்படுகிறது.