மூடிய பேழைக்குள் வெள்ளி கறுக்குமா?

பழைய நாணயங்களைச் சேர்த்து வைப்போர் எல்லா நாடுகளிலும் உண்டு. அவர்களுள் அமெரிக்க வெள்ளி டாலர்களைச் சேர்ப்போர் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று இருக்கிறது. நாணயத்தைத் தெளிந்த பிளாஸ்டிக் பேழையில் இட்டு, விளிம்பை உருக்கி ஒட்டிவிட்டால், அதன் நிறம் பிறகும் மாறுமா? கேட்பதற்குச் சிறிய வினாவே. ஆயினும், நிறத்தின் பொருட்டே ஒரு நாணயத்திற்குப் பன்மடங்கு விலை கொடுப்போர் பலர். அந்நிறம் நிலைக்குமா என்ற கவலை அவர்களுக்கு இயல்பானதே. மாணவர்களுக்கோ, வேதியியலும் ஒளியியலும் ஒரு காசின் முகத்திலே சந்திப்பதைக் காண இது நல்ல வாய்ப்பு.

வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இரும்பு துருப்பிடிப்பதைப் போன்றதே இதுவும் என எண்ணிவிடலாகாது. தூய காற்றிலுள்ள பிராணவாயு மட்டும் சாதாரண வெப்பநிலையில் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. கறுக்கச் செய்வது கந்தகம். அழுகிய முட்டையின் நாற்றத்திற்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு, நம் மூக்குக்குப் புலப்படாத நுண்ணளவில் காற்றில் கலந்திருக்கிறது. பிராணவாயுவும் ஈரமும் துணைநிற்க, அது வெள்ளியோடு கூடி வெள்ளி சல்பைடு என்ற கரிய பொருளை உண்டாக்குகிறது. வேகவைத்த முட்டையை வெள்ளிக் கரண்டியால் உண்டால் கரண்டி நிறம் மாறுவதும் இதனாலேதான்.

கரிய பொருள் படியுமாயின், நாணயத்தில் பொன்னிறமும் நீலமும் ஊதாவும் தோன்றுவது எவ்வாறு? ஈரத் தெருவில் சிந்திய எண்ணெயையும் சோப்புக் குமிழியையும் நினைத்துப் பாருங்கள். படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது, அதன் மேற்பரப்பில் பட்டு மீளும் ஒளியும், அதனை ஊடுருவிச் சென்று அடியிலுள்ள வெள்ளியில் பட்டு மீளும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கின்றன. சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, எஞ்சியவை நம் கண்ணை அடைகின்றன. படலத்தின் கனம் கூடக்கூட நிறமும் மாறும். முதலில் இளமஞ்சள், அடுத்துச் செம்பழுப்பு, பின்பு ஊதா, நீலம், வெளிர்நீலம் என்று வரிசையாக வரும். மேலும் கனத்தால் மஞ்சளும் செந்நிறமும் பச்சையும் வந்துபோய், முடிவில் வெறும் கறுப்பே எஞ்சும். ஆகவே வண்ணம் என்பது கறுப்பை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள ஒரு தங்குமிடம்தான்.

இவ்வண்ணங்களுக்குப் பெயர் பெற்றது மார்கன் டாலர். ஜார்ஜ் மார்கன் என்பவர் வடிவமைத்த இது 1878 முதல் 1904 வரையிலும், மீண்டும் 1921-லும் அச்சிடப்பட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, பத்துப் பங்கு செம்பு, எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர். ஆயிரம் காசுகள் கொண்ட துணிப் பைகளில் கட்டப்பெற்று, கருவூலங்களிலே பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்தவை இவற்றுள் ஏராளம். பையின் ஓரத்தில் துணியை ஒட்டிக் கிடந்த காசின் ஒரு முகம் மட்டும் வானவில்லாக மாறிற்று. மேலே வேறொரு காசு மறைத்திருந்த பகுதியோ, பிறை வடிவில் வெண்மையாகவே நின்றது. ஒருவரும் திட்டமிடாத அழகு அது! அவ்வழகைச் சில வாரங்களில் போலியாகப் படைக்கக் கந்தகத்தையும் சூட்டையும் நாடுவோரும் உள்ளனர்.

உண்மையையும் போலியையும் பிரித்துத் தரம் குறிக்கவென்று அமெரிக்காவில் இரு நிறுவனங்கள் எழுந்தன. 1986-இல் பி.சி.ஜி.எஸ். என்பதும், 1987-இல் என்.ஜி.சி. என்பதும் தோன்றின. இவை நாணயத்தைத் தேர்ந்து, தரம் எழுதி, பிளாஸ்டிக் பேழையில் இட்டு, செவிக்கெட்டாத ஒலியதிர்வினால் விளிம்பை ஒட்டுகின்றன. இனித்தான் நம் வினா.

பேழைக்குள் சிறைப்பட்ட காற்றே நாணயத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்கன் டாலரின் இரு முகங்களின் பரப்பு ஏறத்தாழ 23 சதுர சென்டிமீட்டர். அதன்மீது 30 நானோமீட்டர் கனத்தில், அதாவது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் முப்பது பங்கு கனத்தில், சல்பைடு படிந்தால் நிறம் தெளிவாகத் தெரியும். அதற்கு வேண்டிய கந்தகம் மில்லிகிராமில் நூற்றில் ஆறு பங்குதான். மிகச் சிறிய அளவே. ஆயினும் பேழைக்குள் அடைபடும் காற்று சில கன சென்டிமீட்டர் மட்டுமே. அக்காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதாகக் கொண்டால், தேவையான கந்தகத்தில் கோடியில் ஒரு பங்குகூட அதில் இராது. ஆகவே, உள்ளே அடைபட்ட காற்று குற்றவாளியன்று.

எனினும், பேழைக்குள் நிறம் மாறிய நாணயங்கள் உள்ளன. கந்தகம் எவ்வழியே வந்தது? வழிகள் இரண்டு. முதலாவது, நாணயத்தோடு உடன்வந்தது. பழைய வெள்ளியைப் பளிச்சென்று ஆக்கச் சிலர் தயோயூரியா கலந்த அமிலக் கரைசலில் அதனைத் தோய்த்தெடுப்பர். தயோயூரியாவே கந்தகம் அடங்கிய பொருள். நன்கு அலசாமல் விட்டால், எழுத்துகளின் இடுக்கிலே தங்கிய மிச்சம், பேழை மூடிய பின்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வெண்மையாக உள்ளே சென்ற காசு, சில ஆண்டுகளில் மஞ்சளும் பழுப்புமாகக் காட்சி தருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தூய வெள்ளிக் காசுகளில் பேழைக்குள்ளே தோன்றும் பால்போன்ற வெண்புள்ளிகள் வேறு வகை. அவை சல்பைடு அல்ல. அவற்றைக் குறைக்கவென்றே கனடாவின் அரசு நாணயச்சாலை 2018-இல் ஒரு புதிய முறையை அறிவித்தது.

இரண்டாவது வழி, வெளியிலிருந்து மெல்ல நுழைவது. ஒட்டிய விளிம்பு, கண்ணுக்கு முழுமையாகத் தோன்றினும், காற்றுப் புகாத அடைப்பு அன்று. பகலின் வெப்பத்தில் உட்காற்று விரிந்து சிறிது வெளியேறும். இரவின் குளிர்ச்சியில் சுருங்கி வெளிக்காற்றை உள்ளிழுக்கும். பேழை மூச்சு விடுகிறது என்று சொன்னால் மிகையன்று. பிளாஸ்டிக்கின் ஊடாகவும் வாயுக்கள் சிறிது சிறிதாகக் கசியும். ஆகவே, நிறம் மாறுமா என்பது பேழையை மட்டும் பொறுத்ததன்று. அதைச் சூழ்ந்துள்ள காற்றைப் பொறுத்தது. மலிவான அட்டை, கம்பளித் துணி, கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் ஆகியவற்றின் அருகில், ஈரம் மிகுந்த அறையில் வைத்த பேழை தோற்கும். உலர்ந்த, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வைத்ததோ பல்லாண்டுகள் காக்கும். பேழை வேகத்தைப் பெரிதும் குறைக்கிறது, அடியோடு நிறுத்துவதில்லை.

நிறுத்த விரும்புவோர் கந்தகத்திற்கு வேறு இரையைக் காட்டுகின்றனர். பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான ஒருவகைப் பிளாஸ்டிக்கில் நுண்ணிய செம்பு கலந்துள்ளது. வரும் கந்தகத்தைச் செம்பு தானே ஏற்றுக் கறுத்து, உள்ளிருக்கும் வெள்ளியைக் காக்கிறது. அத்தகைய பெட்டிக்குள் பேழையை வைப்பர்.

தம்மிடமுள்ள நாணயம் மாறியதா என்று அறிய நினைவை நம்புவது பயனற்றது. நிறத்தை நம் நினைவு எளிதில் திரித்துவிடும். பேழையிட்ட நாளில் எடுத்த நிழற்படத்தோடு ஒப்பிடுவதே முறை. அப்போதும் விளக்கும் அதன் சாய்வும் முன்போலவே அமைய வேண்டும். மெல்லிய படலத்தின் நிறம், பார்க்கும் கோணம் மாறினாலே மாறித் தோன்றுமல்லவா?