இதயக் கோயிலுக்கும் நித்திய பூஜை உண்டு

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் அமைந்துள்ளது திருநின்றவூர். பொருள் இல்லாத பூசலார் நாயனார், மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, நாள் பார்த்து அடிநிலை இட்டு, ஈசனுக்குக் கோயில் எழுப்பிய திருத்தலம் இது. அவர் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில்தான், காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்குக் காடவர் கோனும் நாள் குறித்திருந்தான். இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, அன்று தாம் பூசலாரின் ஆலயத்தில் எழுந்தருள இருப்பதால் அவனது விழாவை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளப் பணித்தார் என்பது பெரியபுராணம் போற்றும் வரலாறு. இங்கு சுவாமியின் திருநாமம் இருதயாலீஸ்வரர், அம்பாள் மரகதாம்பிகை. இதய நோயால் வருந்துவோர் இத்தலத்துக்கு வந்து வேண்டிக்கொள்வது வழக்கம்.

ஒரு சோமவாரத்தன்று அச்சந்நிதியில் ஒரு மூதாட்டியைக் கண்டேன். உடன் நான்கு வயதுப் பேரன். சட்டையின் மேல் பொத்தான் கழன்றிருந்த இடத்தில், நெஞ்சின் நடுவே நீண்ட தழும்பு தெரிந்தது. பிறக்கும்போதே இதயத்தின் கீழறைகளுக்கு இடையே துவாரமாம். பால் குடிக்கும்போதே வியர்த்துக் கொட்டுமாம், எடையும் ஏறவில்லையாம். இரண்டரை வயதில் அறுவை சிகிச்சை செய்து துவாரத்தை அடைத்திருக்கிறார்கள்.

"ஓட்டையைத்தான் அடைச்சாச்சே, இனிமே எதுக்கு ஆஸ்பத்திரின்னு மருமககிட்டே சண்டை போட்டவ நான்தான்" என்றார் அந்த அம்மையார்.

சண்டை அதனோடு நிற்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் மாதம் குலதெய்வம் கோயிலில் காதுகுத்துக்கு நாள் குறித்துவிட்டார். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம் என்றாள் மருமகள். நேர்த்திக்கடன் தவறுமே என்று இவர் கலங்கினார். மருத்துவரோ பொறுத்திருக்கச் சொன்னார். காதில் ஏற்படும் சிறு புண்ணின் வழியே கிருமி இரத்தத்தில் கலந்தால், இதயத்தில் வைத்துத் தைத்த ஒட்டின்மீது அது தங்கிவிடக்கூடும். ஒட்டின்மேல் உடலின் சொந்தத் திசு படர்ந்து மூட ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும் என்று விளக்கினார்.

ஆறாம் மாதப் பரிசோதனைக்கும் மருமகளே பிடிவாதமாக அழைத்துச் சென்றாள். எக்கோவில், ஒட்டின் ஓரம் சிறு கசிவு தெரிந்தது. அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் கண்காணித்துவர வேண்டும் என்றார்கள். "அன்னைக்கு நான் சொன்னபடி போகாம இருந்திருந்தா இது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

அன்பர்களே, குடமுழுக்கு முடிந்ததும் கோயில் கடமை முடிந்துவிடுகிறதா? 48 நாள் மண்டலாபிஷேகம் உண்டு. அதன்பின் நித்திய பூஜை உண்டு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணியும் உண்டு. குழந்தையின் இதயமும் அப்படித்தான். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று இதயக் குறையுடன் பிறக்கிறது. அவர்களுள் பலருக்கு, சிகிச்சைக்குப் பின்னரும் பல்லாண்டுக் கண்காணிப்பு தேவைப்படுகிறது. வளர வளர மறுசிகிச்சை தேவைப்படுவோரும் உண்டு.

இதில் தாத்தா பாட்டிகளின் பங்கு பெரிது. அறுவை சிகிச்சைக்குப் பின் நெஞ்செலும்பு கூடும் வரையிலான முதல் சில வாரங்களில், குழந்தையைக் கைகளைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்கலாகாது. முதுகையும் பிட்டத்தையும் தாங்கியே எடுக்க வேண்டும். மருந்தை வேளை தவறாமல் தருவதும், நாமாக நிறுத்தாதிருப்பதும் முக்கியம். மருத்துவரைக் கேட்காமல் கஷாயமோ சூரணமோ சேர்க்கக் கூடாது. மூச்சு வாங்குதல், உதடு நீலம் பாரித்தல், விடாத காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால் நல்ல நேரம் பார்த்துக் காத்திருக்கலாகாது.

பற்களும் கவனத்துக்குரியவை. அந்தப் பேரனுக்குப் பாட்டி தினமும் கொடுத்த கற்கண்டால் ஒரு பல் சொத்தையாகிவிட்டது. பல் மருத்துவரிடம் இதயச் சிகிச்சையை முன்னரே தெரிவித்ததால், கிருமித் தொற்றைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்த பிறகே பல்லைப் பிடுங்கினார்.

கிரகணத்தையோ தாயின் ஊழ்வினையையோ காரணம் சொல்லி மருமகளை நோகச் செய்வதும் வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடிவதில்லை. தனக்குள்ளே தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு நம் ஆறுதலே முதல் மருந்து.

விடைபெறும்போது சிறுவனின் காதுகளைப் பார்த்தேன். இன்னும் குத்தப்படவில்லை.

"ராஜா கட்டின கோயிலுக்கே நாள் மாத்தி வைக்கச் சொன்ன சாமியாச்சே! இந்தப் பிள்ளைக்காகக் காத்திருக்க மாட்டாரா?" என்று சிரித்தார் பாட்டி. பின்பு, மறுநாள் காலைப் பரிசோதனைக்கான கோப்பு வைத்திருந்த பையைச் சந்நிதி வாசலில் ஒரு கணம் வைத்து எடுத்துக்கொண்டு, பேரனின் கையைப் பற்றி நடந்தார்.