பூந்தொட்டிக்கும் வரி!

'பிளாட்பாரமா? அது கார்ப்பரேஷன் வேலை... நமக்கென்ன?' என்று கனடாவின் டொரன்டோ நகரில், ப்ளோர் தெருவின் மேற்குப் பகுதிக் கடைக்காரர்களால் இருக்க முடியவில்லை. காரணம், 1968-ல் அங்கே வந்த பாதாள ரயில்! அதுவரை டிராமில் கடைகளை வேடிக்கை பார்த்தபடி போன ஜனம், பூமிக்கடியில் 'விர்'ரென்று பறந்துவிட்டது. போதாக்குறைக்கு ஷாப்பிங் மால்கள் வேறு.

தெருவை அழகாக்கினால்தான் பிழைப்பு. பணம்? வசூல் நோட்டை நீட்டினால் நாலு பேர் தருவார்கள். மற்றவர்கள், "அப்புறம் பார்க்கலாம் சார்!" ஆனால் விளக்கு போட்டால், வெளிச்சம் எல்லாக் கடைக்கும்தானே?

1970-ல் வந்தது சட்டபூர்வமான வழி. உலகிலேயே அதுதான் முதல்! குறிப்பிட்ட எல்லைக்குள் உள்ள வணிகக் கட்டடங்கள் அனைத்துக்கும், மதிப்புக்கேற்பக் கூடுதல் வரி. சொத்து வரியோடு நகராட்சியே வசூலித்து, அந்தத் தெருச் சங்கத்திடம் கொடுத்துவிடும். பூந்தொட்டி, பெஞ்ச், அலங்கார விளக்கு, கூடுதல் துப்புரவு எல்லாம் அதில்தான். பக்கத்துத் தெருவுக்குச் சல்லிக்காசு போகாது!

இன்று டொரன்டோவில் மட்டும் இப்படி 80-க்கு மேல் சங்கங்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கமும் 1992-ல் இந்த வழிக்கு வந்துவிட்டது.

"ஓனர்தானே கட்டறார்?" என்று ஏமாறாதீர்கள். பல ஒப்பந்தங்களில் அந்தத் தொகை வாடகைக்காரர் தலையில்தான் விழுகிறது. தெரு பளபளத்தால் வாடகையும் ஏறலாம்; தொட்டி பூக்கும், சின்னக் கடை வாடும்.

ஆறுதலான ஒரே விஷயம்: டொரன்டோவில் வாடகைக்குக் கடை நடத்துபவரும் சங்க உறுப்பினர்தான், ஓட்டும் உண்டு. பட்ஜெட் கூட்டத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, "பூந்தொட்டி எதுக்குய்யா?" என்று புலம்பிப் பிரயோஜனமில்லை!